வாரத்துக்கு ஒன்று

நவம்பர் 6

நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்தில் இன்று பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. துடைத்துத் துடைத்து என் விரல் நுனியே காய்ந்து வெடித்துவிட்டது. தவழும் பிள்ளைகள் அறையில் ஒரு குட்டி என் தோளில் சாய்ந்துகொண்டு நேராக முகத்திலேயே தும்மினாள். "ரொம்ப நன்றிம்மா" என்றேன். சமையலறை அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறை. உடுத்தியதை வாளியில் முக்கிவிட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் இவர் பக்கத்திலேயே போகிறேன். "நீ பிள்ளைங்களப் பாத்துட்டு வர்றியா, இல்ல அணு உலையிலேருந்து வர்றியா?" என்று கேலி. செய்யட்டும். போன குளிர்காலத்தில் இவருடைய அண்ணனுக்கும் வெறும் சளி என்றுதான் சொன்னார்கள். சளி நெஞ்சில் இறங்கி, மூச்சுவிட மெஷின் வைத்து, ஆளே போய்விட்டார். இவருக்கும் அதே நெஞ்சு. அதே சர்க்கரை. இந்த வீட்டுக்குள் கிருமி வருவதென்றால் என் மேல் ஏறித்தான் வரவேண்டும்.

நவம்பர் 11

டாக்டரம்மாவிடம் இவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு. சர்க்கரை பரவாயில்லை. வைட்டமின் டி மட்டும் அடிமட்டத்தில் கிடக்கிறது.

"வெயில்லயே போறதில்லையா நீங்க?"

"நான் வேலை செய்யறது தரைக்குக் கீழ, டாக்டர். சூரியன் கண்ணாடி மாத்த எங்க கடைக்கு வந்தாதான் உண்டு."

உண்மைதான். மேலே பளபளவென்று கண்ணாடிக் கடை. கீழே, படியிறங்கினால், ஜன்னல் இல்லாத அறையில் இவரும் சாணை மெஷினும். கண்ணுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்து, சட்டத்தில் பொருந்துகிற மாதிரி வெட்டுவது. சாயங்காலம் சட்டைக் கையில் வெள்ளைச் சேறு காய்ந்து கிடக்கும்.

பெரிய மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு மாதம் கழித்து வரவேண்டும். "இதனால எதிர்ப்பு சக்தி வருமா டாக்டர்?" என்று கேட்டேன். "குறைச்சலா இருந்தா நிரப்பறது நல்லது. அதுக்காகச் சளியே பிடிக்காதுன்னு நினைச்சுக்காதீங்க."

நல்லது என்று சொன்னாரே. அது போதும்.

நவம்பர் 12

முதல் மாத்திரை. தண்ணீர் டம்ளரோடு நீட்டினேன். "குடுங்க கம்பவுண்டரம்மா" என்று வாயைத் திறந்து காட்டினார்.

நவம்பர் 29

பெரிய பிள்ளைகள் அறையில் ஒருத்தியின் அம்மா ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவர். பிள்ளையை அழைக்க வரும்போது பேச்சு வந்தது. மாத்திரையின் பேரைச் சொன்னேன்.

"வாரத்துக்கு ஒண்ணா? அது எலும்புக்கு. எதிர்ப்பு சக்திக்குன்னா தினமும் எடுக்கணும். நாங்க வீட்ல எல்லாரும் எடுக்கறோம். ஒரு தும்மல் கிடையாது." போனில் ஒரு வீடியோவையும் அனுப்பினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆள் ஒருவர், உலகமே நம்மிடம் மறைக்கிற ரகசியம் என்று பேசுகிறார். மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

அந்த அம்மாவின் தோளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

டிசம்பர் 3

தவழும் அறைக் குட்டி — என் முகத்தில் தும்மினாளே, அவள் — ஆஸ்பத்திரியில். நிமோனியாவாம். நேற்று முழுக்க என் இடுப்பில்தான் இருந்தாள். கன்னம் கொதித்தது. பல் முளைக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன். இவர் சோபாவில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். சும்மா, டீ தொண்டையில் சிக்கியதாம்.

மாத்திரையை எடுத்துக்கொண்டு போனேன். "காலையிலதானே குடுத்தே?"

"டாக்டரம்மா போன் பண்ணாங்க. குளிர் முடியற வரைக்கும் தினமும் எடுக்கச் சொல்லிட்டாங்க."

மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொண்டார். என்னை ஏன் சந்தேகப்படப்போகிறார்?

டிசம்பர் 4

பொய்தான். யார் குடியையும் கெடுக்கிற பொய் இல்லையே. வைட்டமின்தானே.

டிசம்பர் 15

குட்டி பிழைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆனால் நான் அழுதது குட்டிக்காக மட்டும் இல்லை.

ஜனவரி 17

கட்டடம் முழுக்க இருமல். மாடிப்படியில் ஏறினால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொரு சுருதி. இவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு தும்மல் இல்லை!

நாத்தனார் வந்திருந்தாள். அண்ணன்களில் ஒருவரை இழந்தவள், இன்னொருவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கண்ணன இப்படிப் பாத்து எவ்வளவு நாளாச்சு அண்ணி. நீங்க இல்லன்னா அவரு என்னைக்கோ படுத்திருப்பாரு." எனக்கு வாயெல்லாம் பல்.

மருந்துக்கடைக்காரர் அட்டையைப் பார்த்ததுமே எடுத்து நீட்டிவிடுகிறார். சீட்டுக் கேட்பதில்லை. சப்பிச் சாப்பிடுகிற கால்சியம் மாத்திரையும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்று வீடியோவில் சொன்னார்கள். டாக்டரம்மாவிடம் போகவேண்டிய நாள் தாண்டிவிட்டது. நன்றாகத்தானே இருக்கிறார். அங்கே போய் இருமுகிறவர்கள் நடுவில் உட்காரவேண்டுமா?

பிப்ரவரி 20

தண்ணீர் தண்ணீர் என்கிறார். பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காலி. குடித்த வேகத்தில் பாத்ரூம். சர்க்கரை ஏறிவிட்டதோ என்று விரலில் குத்திப் பார்த்தேன். வழக்கம்போலத்தான் இருக்கிறது. பிறகு என்ன?

வயிறும் சரியாகப் போவதில்லை என்று முனகினார். உட்கார்ந்தே வேலை செய்தால் அப்படித்தான். கீரை அதிகமாகச் செய்கிறேன்.

மார்ச் 8

இன்று கடை முதலாளி எனக்குப் போன் செய்தார். இதுவரை செய்ததே இல்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அவருக்கு வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

ஒரு பெண்மணியின் லென்ஸில் இடது வலது மாற்றித் தேய்த்துவிட்டாராம். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் தடுமாறி விழப்பார்த்தாராம். போன வாரமும் ஒன்று அப்படியாம். முதலாளி யாருக்கும் சொல்லாமல் வேறு செய்யச் சொல்லியிருக்கிறார்.

இவரிடம் கேட்டேன். என்னையே பார்த்தார். "எந்த லென்ஸ்?" மறைக்கவில்லை. உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

தளர்ச்சிதான். குளிர் போகிற நேரத்தில்தான் உடம்பு ஓய்ந்துபோகும். இப்போது போய் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

மார்ச் 19

சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். வாய்க்குள் இரும்பு மாதிரி ருசிக்கிறதாம். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது, மாத்திரையும் சேர்ந்து.

இன்னொன்று கொடுத்தேன்.

மார்ச் 27

என்ன எழுதுவது.

கீழ் வீட்டு அம்மா போன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக் கதவுல சாவியப் போட்டுத் திருகிட்டே இருக்காரு. நான் திறந்தா, நீங்க யாரு, என் வீட்ல என்ன பண்றீங்கன்னு கேக்கறாரு." காப்பகத்தில் சொல்லாமல்கூட ஓடி வந்தேன். அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "அண்ணன் வந்துட்டாரா?" என்றார்.

செத்துப்போனவர் எப்படிங்க வருவார்?

நாத்தனாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மார்ச் 28

ரத்தத்தில் கால்சியம் கண்டபடி ஏறியிருக்கிறதாம். அதனால்தான் புத்தி தடுமாறுகிறது. சிறுநீரகமும் அடிபட்டிருக்கிறது. வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரைக்கு என்ன எடுக்கிறார், ரத்த அழுத்தத்துக்கு என்ன எடுக்கிறார், வேறு ஏதாவது, நாட்டு மருந்து, சத்து மாத்திரை?

"வைட்டமின் டி. டாக்டர் எழுதிக் குடுத்தது."

"எப்படி எடுக்கறாரு?"

நாத்தனார் என் பக்கத்திலேயே நின்றாள். என் தோளில் கை போட்டிருந்தாள்.

"வாரத்துக்கு ஒண்ணு."

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? டாக்டர் சீட்டில் இருப்பதைத்தானே சொன்னேன். வைட்டமினால் ஒருவருக்கு இப்படி ஆகுமா? ஆகாது. கடையில் சும்மா அள்ளித் தருகிறார்களே. ஆகாது.

மார்ச் 29

கால்சியம் இப்படி ஏறுவதற்கு எலும்புக்குள் புற்றுநோய் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். நாத்தனார் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு அண்ணனத் தூக்கிக் குடுத்தாச்சு. இவரையுமா?"

புற்றுநோய். அப்படியென்றால் மாத்திரை இல்லை.

கடவுளே, ஒரு நொடி எனக்கு நெஞ்சு லேசானது. இதை எழுதுகிற கையை என்ன செய்வது?

மார்ச் 31

இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளேயிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்களாம். ஆனாலும் கத்தினார். திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நாத்தனாரை இல்லை, அம்மாவை இல்லை. என்னை.

வீட்டுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தேன். சமையல் மேடையில் காலி அட்டைகள் ரப்பர் போட்டுக் கட்டியிருக்கின்றன. நானே கட்டி வைத்தது. குப்பையில் போடப் போனேன். மேலே போடுவதா, அடியில் போடுவதா என்று யோசித்தேன். அடியில் போட நினைத்தேன் பார், அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 1

சொல்லிவிட்டேன்.

காலையில் டாக்டர் வார்டுக்குள் நுழையும்போதே வழிமறித்தேன். "வாரத்துக்கு ஒண்ணு இல்ல டாக்டர். தினமும். குளிர் ஆரம்பத்துலேருந்து. கால்சியமும் சேத்து. அவருக்குத் தெரியாது. நான்தான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை வெளியே போயிருக்கிறது, முடிவு வர நாளாகும், ஆனால் நீங்கள் சொல்வது எல்லாவற்றோடும் பொருந்துகிறது என்றார். "வேண்டாத வைட்டமினெல்லாம் சிறுநீர்ல போயிடும்னு நினைக்கறாங்க. இது போகாதும்மா. கொழுப்புல தங்கிடும். மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும்."

"அப்போ புற்றுநோய் இல்லையா?"

"அநேகமா இல்ல." பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா, நேத்து அந்த ஊசி தேவைப்பட்டிருக்காது. மருந்தையும் அன்னைக்கே மாத்தியிருப்போம்."

ஏப்ரல் 2

நாத்தனாரிடமும் நானே சொன்னேன். என் தோளிலிருந்த கையை எடுத்தாள்.

"நோய் வந்து போனவரு ஒருத்தரு. இவருக்கு நோயே இல்லையே. இல்லாத நோய்க்கு இவ்வளவும் பண்ணியிருக்கீங்களே அண்ணி."

ஏப்ரல் 9

தெளிந்துவிட்டார். இன்று என் பேரைச் சரியாகச் சொன்னார், இன்றைய கிழமையைச் சொன்னார், ஆஸ்பத்திரிக் கஞ்சி சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இருக்கிறது என்றார். டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போனார். நான் கால்மாட்டில் நின்றேன்.

"டாக்டரம்மா தினமும்னு போன்ல சொன்னாங்கன்னியே?"

"சொல்லலங்க."

"சொல்லவே இல்லையா?"

"இல்லங்க."

கோபமாகப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவே இல்லை. "நான் பாட்டுக்கு வாயத் தொறந்து வாங்கிக்கிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 20

வீடு. கால்சியம் இறங்கிவிட்டது. சிறுநீரகம் கெட்டது கெட்டதுதான். ஏற்கனவே சர்க்கரையால் கொஞ்சம் பழுதாகியிருந்ததாம், எங்களுக்குத் தெரியவில்லை. அதன் மேல் நான்.

மாத்திரைகளை நாத்தனார் வாங்கி, அவளே பிரித்து, இவருடைய அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். சாவி இவர் இடுப்பில்.

மே 15

வெயிலில் நிற்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு. உடம்பில் இருக்கிற வைட்டமினே இன்னும் கரையவில்லை. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வேலையும் இல்லை. முதலாளி நல்லவர்தான், "உடம்பு தேறட்டும், பாக்கலாம்" என்றார். கீழே வேறொருவர் லென்ஸ் தேய்க்கிறாராம்.

என்னிடம் பேசாமல் இல்லை. "குழாய் ஒழுகுது." "யாரோ வந்தாங்க." "உப்பு வேண்டாம்." அவ்வளவுதான் பேச்சு. கம்பவுண்டரம்மா போய்ச்சேர்ந்துவிட்டாள்.

ஜூன் 11

ஜிம் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "நாங்க எடுக்கறது சின்ன மாத்திரை. உங்களுது அவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாதே" என்றார். அவர் மேல் பழியைப் போடத்தான் போனேன். போட முடியவில்லை. அவர் கேட்கவில்லை, நான் காட்டவும் இல்லை. அட்டையில் அளவு எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தது.

ஜூலை 2

ரத்தப் பரிசோதனைக்கு நாத்தனாரோடு போய்விட்டு வந்தார். "என்ன சொன்னாங்க?"

"அப்படியேதான் இருக்கு."

ஜூலை 30

அப்படியே இல்லை. மேஜையில் கிடந்த ரிப்போர்ட்டை நான் பார்த்துவிட்டேன். சிறுநீரகம் மோசமாகிக்கொண்டே போகிறது. கணுக்கால் வீங்கியிருக்கிறது. செருப்பின் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கிறது. கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார். கேட்காமல் இருந்தால் நான் பைத்தியமாகிவிடுவேன்.

ஆகஸ்ட் 24

சாயங்காலம் கீழ் வீட்டு அம்மா மேலே வந்தார். அவருடைய மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறதாம்.

"போன குளிர்ல கட்டடமே இருமுச்சு, உங்க வீட்டுக்காரர் மட்டும் கல்லு மாதிரி இருந்தாரே. என்னமோ மாத்திரை குடுப்பீங்களாமே. பேரு சொல்லுங்க. மகளுக்கும் வாங்கி வெச்சுடறேன்."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சோபாவில் இவர். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனது ஏதோ சிறுநீரகக் கோளாறு என்றுதான் கட்டடத்தில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் வாரத்துக்கு ஒன்று என்று எழுதியது. நான் தினமும் கொடுத்தது. டாக்டர் சொன்னதாகப் பொய் சொன்னது. வாந்தி எடுத்த பிறகும் இன்னொன்று கொடுத்தது. ஆஸ்பத்திரியிலும் மறைத்தது. "உங்க மக எதுவும் எடுக்கணும்னா அவளப் பாக்கற டாக்டர்கிட்ட கேளுங்க. அவங்க சொல்ற அளவு என்னவோ அதுதான். என்கிட்ட கேக்காதீங்க. யாருகிட்டயும் கேக்காதீங்க."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். இருட்டுவதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

உள்ளே திரும்பினேன். டி.வி.யை எப்போதோ அணைத்திருக்கிறார்.

"அவ்வளவு சத்தமாவா சொல்லணும்?"

"ஆமாங்க."

நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். சமையலறை வாசலில் வந்து நின்றார். நடை முன்பு மாதிரி இல்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறார்.

"நாளைக்குச் சிறுநீரக டாக்டரப் பாக்கணும். முக்கியமா ஏதோ பேசணுமாம். தங்கச்சிக்கு வேலை இருக்காம்." பிறகு, "இல்ல. அவளுக்கு வேலையில்ல. நீ வர்றியா?" என்றார்.

ஆகஸ்ட் 25

டயாலிசிஸ் ஆரம்பிக்கவேண்டியிருக்கும். உடனே இல்லை, ஆனால் தள்ளிப்போட முடியாது. அதற்கு முன்னால் கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைக்கவேண்டும், ஊசி ஏற்ற வசதியாக. எந்தக் கையால் வேலை செய்கிறார் என்று டாக்டர் கேட்டார். இவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அப்போ இடது கையில் பண்ணிடுவோம் என்றார். இவர் தலையாட்டினார். திரும்ப லென்ஸ் தேய்க்கப் போவோம் என்று இன்னும் நினைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை.

நர்ஸ் எங்களைத் தனியாக உட்காரவைத்தார். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், என்னென்ன சாப்பிடக்கூடாது, எந்த மாத்திரை எப்போது, இனிமேல் எதைக் கேட்காமல் தொடக்கூடாது — நீளமாகச் சொல்லவேண்டுமாம். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "யாருகிட்ட சொல்லட்டும்?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"அவகிட்ட சொல்லுங்க" என்றார் இவர். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நானும் கேட்டுக்கறேன்."

நர்ஸ் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தார்.